வாசலுக்கு இடப்பக்கம் பாக்ஸ், வலப்பக்கம் ஹாலி

1

இந்த வீட்டுச் சாவி என் கைக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த அன்று தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. வாழ்த்தாக இருக்கும் என்று நம்பும் அளவுக்கு நான் இந்த நாட்டுக்குப் புதியவன் அல்ல. ஜெர்மனியில் இருபத்திரண்டு வருடம் தபால் வாங்கியவனுக்கு, உறையின் கனத்தை வைத்தே உள்ளே எவ்வளவு திட்டு இருக்கிறது என்று சொல்லத் தெரியும். இது நடுத்தரத் திட்டு. இரண்டு தாள், ஒரு வரைபடம்.

"மதிப்பிற்குரிய திரு. மாணிக்கம்" என்று ஆரம்பித்திருந்தது. மாணிக்கம் நான் அல்ல, என் நைனா. என் பெயர் தாவீது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்து முழித்துவிட்டு அப்பா பெயரைப் போட்டுவைத்த லட்சம் பேரில் நானும் ஒருவன். மானாம்பதிக்குப் பக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டியே வாழ்ந்து முடித்த அந்த மனிதரை, நிலத்துக்காரர்கள் "டேய் மாணிக்கம்" என்பதற்கு மேல் ஓர் எழுத்து கூடச் சேர்த்துக் கூப்பிட்டதில்லை. இங்கே மின்சாரக் கம்பெனி, வரி அலுவலகம், குப்பை அள்ளும் இலாகா எல்லாம் அவரை மதிப்பிற்குரியவர் என்கின்றன. திட்டுவதற்கு முன்னாலும் ஒரு மதிப்பு. நைனா உயிரோடு இருந்தால் இந்த உறையைப் பிரிக்காமலே சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

நான் பிரித்துவிட்டேன். விஷயம் இதுதான். என் வாசலுக்கு இடப்பக்கம் மூன்று மீட்டர் நீளத்துக்கு நிற்கும் பாக்ஸ் வேலியை மார்ச் மாத முடிவுக்குள் வேரோடு எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில், வலப்பக்கம் இருப்பது போலவும் தெருவின் மற்ற எட்டு வீடுகளில் இருப்பது போலவும், ஜப்பான் ஹாலி நட வேண்டும். நான் செய்யாவிட்டால் குடியிருப்போர் சங்கத்தின் தோட்டக் குழு ஆள் வைத்து எடுக்கும். நட்புடன், கோலர்.

இங்கே எல்லாக் கடிதமும் நட்புடன்தான் முடியும்.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு செடிகளையும் அறிமுகப்படுத்த வேண்டும். இரண்டும் வருடம் முழுக்கப் பச்சை. பனிக்காலத்தில் மற்ற மரமெல்லாம் விளக்குமாற்றுக் குச்சியாக நிற்கும்போது, இவை மட்டும் ஒன்றும் நடக்காதது போல இலையோடு நிற்கும். இரண்டுக்கும் சுண்டுவிரல் நகத்தளவு இலை. தூரத்தில் இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கிட்டே போனால் பாக்ஸில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். ஹாலியில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி இருக்கும். வெயில் ஏறினால் பாக்ஸில் பூனை வந்துபோன வாடை அடிக்கும். ஹாலிக்கு ஒரு வாடையும் கிடையாது. நல்ல குடும்பத்துப் பிள்ளை.

குணத்தில்தான் இரண்டும் எதிர்த்திசை. பாக்ஸ் சுண்ணாம்பு மண்ணில் சந்தோஷமாக நிற்கும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வெயில் என்றாலும் சரி, நிழல் என்றாலும் சரி. முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினாலும் கட்டையில் இருந்து மெதுவாகத் துளிர்த்து வரும். ஹாலி அப்படி இல்லை. அதற்குப் புளிப்பு மண் வேண்டும். எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. காயவும் கூடாது. சுண்ணாம்பு ஆகவே ஆகாது. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்தனுப்பும் பட்டியல் மாதிரி இருக்கிறது அல்லவா? கூடவே ஒரு பெரிய தகுதியும் உண்டு. ஹாலியைப் புழு தொடாது.

எல்லாம் அந்தப் புழுவால் வந்தது. போன கோடைக்கு முந்தின கோடையில் வெள்ளைச் சிறகுள்ள ஓர் அந்துப்பூச்சி எங்கள் தெருவுக்குள் வந்தது. அது போட்ட முட்டையில் இருந்து பச்சை உடம்பில் கருப்புக் கோடு போட்ட புழுக்கள் கிளம்பின. ஒன்பது வீட்டு பாக்ஸ் வேலியும் மூன்று வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிட்டது. நான் பதறிப்போய்த் தோட்டக் குழுத் தலைவர் ஹெர் கோலரிடம் ஓடினேன். ஹெர் என்றால் திரு. பதற்றத்தில் என் ஜெர்மன் தலைகீழாகிவிடும். "என் வேலியைப் புழு தின்கிறது" என்று சொல்ல நினைத்து, "என் வேலி புழுவைத் தின்கிறது" என்று சொல்லியிருக்கிறேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "மிக நல்லது, திரு. மாணிக்கம்" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் கூட்டம் போட்டு, ஒன்பது வீடும் பாக்ஸை எடுத்துவிட்டு ஹாலி வைப்பது என்று முடிவு செய்தார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்குமாம். எட்டு வீடுகள் எடுத்துவிட்டன. என் வலப்பக்கத்து பாக்ஸ் அடிவரை செத்துப்போயிருந்ததால் நானும் அங்கே ஹாலி வைத்தேன். இடப்பக்கத்துக் கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பச்சை இருந்தது. உயிர் இருப்பதைப் பிடுங்குவது எனக்குப் பழக்கமில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டேன்.

வசந்தத்தில் அது துளிர்த்தது. அழகாக என்று சொல்ல மாட்டேன். பத்து நாள் சவரம் செய்யாத முகம் போல, இங்கே கொத்து, அங்கே சொட்டை. ஆனால் துளிர்த்தது. புழு மறுபடி வந்தபோது கையால் பொறுக்கினேன். இதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. பள்ளிக்கூடத்து விடுமுறை நாட்களில் வேர்க்கடலைக் காட்டில் கம்பளிப்பூச்சி பொறுக்கியவன் நான். வேலை அதேதான். அப்போது கடலையும் காடும் வேறு ஒருவருடையவை.

3

வலப்பக்கத்து ஹாலி ஒரு பனிக்காலம் பொறுத்தது. அதன்பின் மஞ்சளாக ஆரம்பித்தது.

என் அக்கா சலோமி உத்திரமேரூரில் இருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடம் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கார் பாகத் தொழிற்சாலைக்குப் போகிறவள். அங்கே புல், பூச்செடி, வேலி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. அவள் அங்கே வெளிநாட்டுக்காரன் செடியை வெட்டுகிறாள். நான் இங்கே வெளிநாட்டுக்காரன் கார் பாகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இந்தப் பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்று நாங்கள் இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் செடியைக் காட்டினேன்.

"இன்னாடா இது, மஞ்சக்காமால வந்தவன் மாதிரி கீது?"

"அதான்க்கா கேக்கறேன்."

"எல ஒண்ணு கிள்ளி கிட்ட காட்டு. ம்... நரம்பு மட்டும் பச்சையா கீது பாரு. இன்னா தண்ணி ஊத்தற?"

"பைப்பு தண்ணிதான்."

"அந்த தண்ணில டீ போட்டா பாத்திரத்துல வெள்ளையா படியுதா?"

"படியும். மாசத்துக்கு ஒரு வாட்டி வினிகர் ஊத்தி தேச்சாத்தான் போவும்."

"அப்ப சுண்ணாம்பு தண்ணி. மண்ணு?"

"ஊரே சுண்ணாம்புப் பாற மேல தான்க்கா கீது. மண்வெட்டி அர அடி எறங்குனா டங்குனு சத்தம் வருது."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "உன்ன அம்மா கஞ்சி குடிக்காம படிக்க வெச்சா. நீ சுண்ணாம்புல புளிப்பு செடி வெச்சுக்கினு, தெனம் சுண்ணாம்பு தண்ணியவே ஊத்திக்கினு கீற. எங்க கம்பெனில இட்லிப்பூ செடிக்கு இதே பேஜார் தான். போருத் தண்ணி ஒத்துக்கல. நாங்க மோரு ஊத்துனோம். நல்லா புளிக்க வெச்ச மோரு. பத்து நாளுல பச்ச திரும்பிச்சு. நீயும் ஊத்து."

ஊத்தினேன். இந்தத் தப்பை எங்கள் பக்கத்து ஆள் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. இங்கே மோர் தம்ளர் தம்ளராகக் கடையில் கிடைக்கும். இருபது தம்ளர் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண், "வயிற்றுக்கா?" என்று பரிவோடு கேட்டாள். வாளியில் கொட்டி, மூடி, வெயிலில் ஐந்து நாள் வைத்தேன். என் மனைவி கிரேஸ் இரண்டாம் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்த வூட்டுக்குள்ள எடுத்தாந்த, நான் அக்கா வூட்டுக்கு போயிடுவேன்" என்றாள். அக்கா வீடு உத்திரமேரூரில் இருக்கிறது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஹாலியின் வேரில் ஊற்றினேன். அது ஜூலை மாதம். மறுநாள் காலையில் முப்பது டிகிரி வெயில். ஒன்பது வீட்டுப் பூனைகளும் ஈக்களும் என் வாசலில் ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தன. பத்து மணிக்கெல்லாம் மின்னஞ்சல் வந்துவிட்டது: "மதிப்பிற்குரிய திரு. மாணிக்கம், தங்கள் முன்தோட்டத்தில் இருந்து தீவிரமான பால்பொருள் வாடை வருவதாக ஐந்து வீட்டார் தெரிவித்துள்ளனர்."

எங்கள் வாடைக்கும் இங்கே ஓர் அதிகாரபூர்வப் பெயர் கிடைத்தது.

மோர் வேலை செய்ததா என்று கேட்பீர்கள். செய்தது. இரண்டு வாரத்துக்குப் புதுத் துளிர் பச்சையாக வந்தது. பிறகு மறுபடியும் மஞ்சள். ஒரகடத்தில் தண்ணீர் மட்டும்தான் கோளாறு. இங்கே அடியில் மலையே சுண்ணாம்பு. மலையை மோர் ஊற்றி மாற்ற முடியாது என்பது இருபது தம்ளருக்குப் பிறகு எனக்குப் புரிந்தது. அக்காவிடம் சொன்னேன். "உங்க ஊரு மோரு சரி கெடையாது" என்றாள்.

4

ஆக, கடிதம் வந்தபோது நிலவரம் இது. வலப்பக்கம், குழு நடச் சொன்ன செடி, மஞ்சளாகிச் செத்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம், குழு பிடுங்கச் சொல்லும் செடி, அசிங்கமாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. பிழைத்ததைப் பிடுங்கிவிட்டுச் சாகப்போவதை நடு என்கிறார்கள். காரணம், வரிசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். வீடு என்னுடையது, மண் என்னுடையது. ஆனால் தெருவில் இருந்து பார்த்தால் தெரியும் பச்சை எல்லோருக்கும் பொது என்று ஒரு விதி இருக்கிறது. விதிப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். செடிப்படி இல்லை.

தோட்டக் குழு என்ற சொல்லைக் கேட்டு நான் அசந்துபோகவில்லை. எங்கள் ஊருக்கு இதில் ஆயிரம் வருட அனுபவம் உண்டு. உத்திரமேரூர்க் கோயில் மண்டபச் சுவரில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்து, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். ஊருக்கு வரும் பெரிய மனிதர்கள் எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்துப் பூரித்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களையும் வரிசையாக அழைத்துப்போய்க் காட்டினார்கள். வாத்தியார் தகுதிகளைச் சொன்னார்: வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலி, அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேத ஞானம். முதல் தகுதியிலேயே எங்கள் தெரு முழுக்க வெளியே. மற்றதை எல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தகுதியைச் சரிபார்த்தேன். சொந்த மனை உண்டு. வயது ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பதும் வேதம்தான், எந்த வேதம் என்று சுவரில் தெளிவாக எழுதியிருக்கலாம். நிலம் மட்டும் கால் வேலிக்குக் கொஞ்சம் குறைவு. இந்த முன்பக்கத்துத் துண்டில் ஒரு கட்டிலைப் போட்டால் கால் நீட்ட இடம் இருக்காது. ஆனால் எங்கள் வம்சத்தில் பத்திரத்தில் ஏறிய முதல் மண் இதுதான். இதில் என்ன நிற்கலாம் என்று சொல்ல எனக்கும் ஒரு வாய் இருக்கிறது. நவம்பர் கூட்டத்தில் பேசுவது என்று முடிவு செய்தேன்.

5

கோபம் வந்தால் என் ஜெர்மன் ஓடிவிடும் என்பதால் மகள் ரூத்தைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவளுக்குப் பதினேழு வயது. இங்கேயே பிறந்தவள். தமிழை, பெரியவர்கள் வீட்டுப் பீங்கானைத் தொடுவது போலத் தொடுவாள். உடைந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், சீக்கிரம் கீழே வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம்.

கூட்டம் பள்ளிக்கூட நூலகத்தில் நடந்தது. சைக்கிள் கொட்டகைக் கூரை, குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து போடுகிறவர் யார் என்பதெல்லாம் முடிந்து, ஏழாவது பொருளாக "மாணிக்கம் வேலி" வந்தது. நான் பையில் இருந்து ஒன்பது கண்ணாடி தம்ளர்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மண். ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு எண் எழுதிய சீட்டு.

"சொல்லும்மா. இது நம்ம ஒம்போது வீட்டு மண்ணு. இதுல வினிகர் ஊத்தப் போறேன். பொங்குனா உள்ள சுண்ணாம்பு கீதுன்னு அர்த்தம். சுண்ணாம்பு இருந்தா ஹாலி பொழைக்காது."

ரூத் சொன்னாள். நான் ஊற்றினேன். ஒன்பது தம்ளரும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி புஸ்ஸென்று பொங்கின. ஏழாம் எண் தம்ளர் வழிந்து மேசைக்கு வந்துவிட்டது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தொழிற்சாலையில் முப்பது பக்க அறிக்கை எழுதியும் கிடைக்காத அமைதி அந்த அறையில் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஹெர் கோலர் நிமிர்ந்தார். மெலிந்த, சுத்தமான, கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். அதுதான் அவரோடு கஷ்டம்.

"ஏழாம் எண் என்னுடைய வீடு," என்றார். "என்னுடைய மண்ணை எடுக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

அதன் பிறகு ஹாலியைப் பற்றி யாரும் பேசவில்லை. அரை மணி நேரம் மண்ணைப் பற்றித்தான் பேச்சு. ஒரு கரண்டி மண் சொத்தா, குப்பையா? வேலிக்கு உள்ளே கை நீட்டினால் அத்துமீறலா? நான் விடியற்காலையில் கரண்டியோடு குனிந்து போனதை மூன்றாம் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பூனைக்குச் சோறு வைக்கிறேன் என்று நினைத்தாராம். கூட்டக் குறிப்பில் பிறகு இப்படி எழுதினார்கள்: "திரு. மாணிக்கம் அனுமதியின்றி ஒன்பது வீடுகளில் மண் எடுத்தார். அவற்றில் ஒன்று அவருடையது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ரூத், சொல்லு. எங்கப்பா அறுபது வருஷம் அடுத்தவன் மண்ணுல நின்னாரு. ஒரு புடி கூட வூட்டுக்கு எடுத்தாரல. எனக்கு ஒங்க மண்ணு வேணாம், திருப்பித் தரேன். ஆனா என் மண்ணுல உசுரோட கீறத நான் புடுங்க மாட்டேன். சொல்லு."

ரூத் கூட்டத்தைப் பார்த்து மென்மையாகச் சொன்னாள். மண் எடுத்ததற்கு என் அப்பா வருந்துகிறார். தயவுசெய்து அவருடைய பழைய வேலியை விட்டுவைக்க முடியுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறார்.

எனக்குப் பேசத்தான் வராது. கேட்டால் எல்லாம் புரியும்.

வாக்கெடுத்தார்கள். எடுக்க வேண்டும் என்று ஆறு. வேண்டாம் என்று இரண்டு: நானும், எண்பதைத் தொடும் பக்கத்து வீட்டு ஃப்ராவ் லெங்க்கும். ஃப்ராவ் என்றால் திருமதி. ஒருவர் கை தூக்கவே இல்லை, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

6

திரும்பி நடந்து வரும்போது ரூத்துதான் ஆரம்பித்தாள்.

"கோபமா இருக்கீங்களா?"

"நான் சொன்னத நீ சொல்லல."

"சொன்னா அவங்க இன்னும் மோசமா வோட் போட்டிருப்பாங்க."

"இதுக்கு மேல இன்னா மோசம்?"

"அப்பா, அது ஒரு செடி. நான் தினமும் கோலரோட பஸ் ஸ்டாப்புல நிக்கறேன். அந்த மோர் வாசனை வந்தப்போ ஸ்கூல்ல என்னைக் கேட்டாங்க, தெரியுமா? உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லல. அடுத்த வருஷம் நான் காலேஜுக்குப் போயிடுவேன். நீங்கதான் இங்க இருக்கணும். சண்டை போட்டுட்டு எப்படி இருப்பீங்க?"

பிள்ளை நம்மை விட்டு விலகுகிறது என்று எழுதுவது இந்த மாதிரிக் குறிப்புகளில் வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்து வைத்திருந்தேன். அவள் எனக்காகப் பயப்படுகிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பயம் எனக்குப் பரிச்சயமானது. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வருவது. "எதுத்துப் பேசாத, நாம அங்கதான் வேல செய்யணும்" என்று அம்மா நைனாவிடம் சொல்லுவாள். கடல் தாண்டி, மொழி தாண்டி, அது பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. தமிழைக் கொடுக்க நான் பட்ட பாட்டில் கால்வாசி கூடப் படாமல் அதைக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். மூன்று மீட்டர் செடி. மகள் நிம்மதியாகப் பஸ் ஏறட்டும். பிப்ரவரியில் அக்காவிடம் அதைச் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரம், தொழிற்சாலை மதில் நிழலில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள்.

"புடுங்கிடலாம்னு கீறேன்க்கா. எதுக்கு வம்பு."

அவள் சோற்றை மென்று முடித்தாள்.

"பொங்கலுக்கு அப்பால இங்க புது மானேஜரு வந்தான். கேட்டுல இருந்து கேன்டீன் வரைக்கும் நாங்க ஒரு வேலி வெச்சிருந்தோம் இல்ல? மஞ்சளா பச்சையா, இடுப்பு ஒசரத்துக்கு. நாலு வருஷம். பன்னெண்டு பொம்பளைங்க கொடத்துல தண்ணி மொண்டு ஊத்தி வளத்தது. அந்தாளு கம்ப்யூட்டர்ல வேற செடி பாத்தானாம். புடுங்குன்னான்."

"இன்னா பண்ணீங்க?"

"புடுங்குனோம். வேற இன்னா பண்றது? வெச்சதுக்கும் கூலி, புடுங்குனதுக்கும் கூலி. விசாலாட்சி அழுதுக்கினே புடுங்குனா. நான் மேஸ்திரி, அழக் கூடாதுன்னு கடப்பாரைய கெட்டியா புடிச்சிக்கினேன். எனுக்கு கேக்க வாய் இல்லடா. இது என் எடம் இல்ல." டிபன் பாக்ஸை மூடினாள். "உனுக்கு இன்னா கேடு? உன் வூடு. உன் பத்திரம். யார் கூலி குடுத்தான்னு நீ புடுங்கற?"

"எல்லாரும் கைதூக்கி முடிவு பண்ணிட்டாங்கக்கா."

"தூக்கட்டும். கை தூக்குனவன் வந்து தண்ணி ஊத்துனானா?"

பெல் அடித்தது. அவள் எழுந்து புடவையில் மண்ணைத் தட்டினாள். "உசுரோட கீறத புடுங்கிட்டு எனுக்கு போன் பண்ணாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

7

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி விடுப்பு எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் "தோட்டம்" என்று எழுதினேன்.

பாக்ஸ் புழு பனிக்காலம் முழுவதும் இரண்டு இலைகளை நூலால் ஒட்டி உள்ளே தூங்கும். வெயில் லேசாக ஏறியதும் எழுந்து தின்ன ஆரம்பிக்கும். அதற்கு முன் பிடித்துவிட்டால் அந்த வருடத்துக்குப் பாதி வேலை முடிந்தது. காலையில் இருந்து வேலிக்கு முன்னால் மண்டி போட்டு, ஒட்டிய இலைகளைப் பிரித்துப் பிரித்து, புழுவைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். சொட்டைகள் இப்போது குறைந்திருந்தன. இடுப்பு உயரம் வரவில்லை. ஆனால் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பச்சை தொடர்ந்து போயிற்று. வலப்பக்கத்து ஹாலியில் பாதி பழுப்பு. ஃப்ராவ் லெங்க் வீட்டிலும், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். ஏழாம் எண் வீட்டில் எப்படி என்று நான் பார்க்கவில்லை. ஏற்கெனவே அங்கே பார்த்ததற்கே குறிப்பில் ஏறியிருக்கிறேன்.

ரூத் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வாசலில் நின்றாள். "கோலர் வந்தா நான் வேணுமா? முதல் பீரியட் லேட்டா போகலாம்."

"வேணாம்மா. நீ கெளம்பு."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"சின்னதுதான். அதுக்கு ஆள் வேணாம்."

பத்தரை மணிக்கு ஹெர் கோலர் வந்தார். கையில் ஒரு கோப்பு. பின்னால் கூலி ஆள் யாரும் இல்லை. முதலில் நேரில் பார்த்துப் பதிவு செய்வதுதான் முறை.

"வணக்கம், திரு. மாணிக்கம். இன்று முப்பத்தொன்று."

"ஆமாம்."

"முடிவு உங்களுக்குப் புரிந்ததா? மொழியால் சிரமம் என்றால் நாங்கள் உதவலாம்."

"புரிந்தது."

"அப்படியானால் வேலியை எடுக்கிறீர்களா?"

"இல்லை."

இருபத்திரண்டு வருடத்தில் இந்த நாட்டில் நான் எத்தனையோ தடவை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மன்னிக்கவும், பின்னால் ஒரு துரதிர்ஷ்டவசமாக, கடைசியில் ஒரு சிரிப்பு. விசா அலுவலகத்தில், தொழிற்சாலையில், மகளின் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அந்தச் சொல்லை மெத்தை வைத்துக் கட்டித்தான் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வெறும் சொல் மட்டும் வெளியே வந்தது. அதன் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஹெர் கோலர் காத்திருந்தார். மீதி வரும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். வரவில்லை.

"அப்படியானால் இது வழக்கறிஞரிடம் போகும்" என்றார் மெதுவாக.

"போகட்டும்."

அவர் தலையாட்டினார். கோப்பில் ஏதோ குறித்தார். பிறகு போனை எடுத்து வேலிக்கு நேராகப் பிடித்தார். "ஆதாரத்துக்காக ஒரு படம் எடுக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்துகொள்கிறீர்களா?"

நான் மண்டியில் இருந்து எழுந்தேன். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டேன். நகரவில்லை.

அவர் இடப்பக்கம் போய்ப் பார்த்தார், வலப்பக்கம் வந்து பார்த்தார். நானும் கூடவே திரும்பினேன். கடைசியில் பெருமூச்சு விட்டுவிட்டு எடுத்துக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து வழக்கறிஞரின் கடிதம் வந்திருக்கிறது. இது கனமான திட்டு. இணைப்பு ஒன்று என்று அந்தப் படத்தையும் வைத்திருக்கிறார்கள். அதில் வேலி சரியாகத் தெரியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் பச்சை இருக்கிறது. மீதி இடம் முழுக்க நான் நிற்கிறேன்.